மூங்கில் குச்சியின் மகிமை

தன்னை ஒரு நொடியில் தூளாக்க வல்ல பொருளின் பாதையிலேயே அமர்ந்து, அதைத் தொடாமலும் அதனால் தொடப்படாமலும், அது போகிற வேகத்தை மட்டும் பிசகின்றிச் சொல்லவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வெகு சில கருவிகளுக்கே வாய்த்திருக்கிறது. அவற்றுள் ஒன்று, துப்பாக்கி சுடுவோர் சுருக்கமாகக் குரோனோ என்று சொல்லும் குரோனோகிராஃப். பார்வைக்கு அற்பமான சாதனம். முக்காலியின் மேல் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டி. அதன் மேல்முகத்தில் ஓரடி இடைவெளியில் ஒளியை உணரும் இரண்டு கண்கள். ஒவ்வொரு கண்ணின் இருமருங்கிலும் சாய்வாக எழும்பும் மெல்லிய கம்பிகள். அந்தக் கம்பிகளின் தலையில் பந்தலாக விரிந்த வெள்ளை பிளாஸ்டிக் தகடு. முதல் கண்ணின் மேல் பறந்து செல்லும் குண்டின் நிழல் உள்ளிருக்கும் கடிகாரத்தை முடுக்கிவிடுகிறது; இரண்டாம் கண்ணின் மேல் விழும் நிழல் அதை நிறுத்துகிறது. பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் ஈயக்குண்டு வினாடிக்கு 175 மீட்டர் வேகத்தில் போவதாகக் கொண்டால், அந்த ஓரடியைக் கடக்க வினாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்குகூட ஆவதில்லை.

இந்த எண்ணை அறிந்து என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, சட்டமே ஒரு பதில் வைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்கும், குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. 0.53 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 275 மீட்டர் வேகத்தை எய்தினால் அந்த எல்லையைத் தொட்டுவிடும். காதில் விழும் சத்தத்தையோ தோளில் விழும் உதையையோ கொண்டு இதைத் தீர்மானிக்க எந்த நிபுணராலும் ஆகாது, பெட்டிதான் சொல்லவேண்டும். பந்தயத்துக்குச் சுடுகிறவருக்கோ, குண்டுக்குக் குண்டு வேகம் மாறாமல் இருக்கிறதா என்பதே பெரிய விசாரம்.

ஆனால், வேகத்தைக் கேட்கப் போய்ப் பெட்டியையே சுட்டுவிட்டவர்களின் கதை இல்லாத துப்பாக்கிக் களம் கிடையாது. இதற்கெல்லாம் கவனக்குறைவே காரணம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கென்னவோ அது சரியான அபிப்பிராயமாகப் படவில்லை. மிகவும் நிதானஸ்தர்களும் சுட்டிருக்கிறார்கள். காரணம் க்ஷேத்திர கணிதத்தில் இருக்கிறது. ஸ்கோப் குழலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; கண்ணின் கோடும் குழலின் கோடும் தூரத்திலுள்ள இலக்கில்தான் சந்திக்கின்றன. குரோனோ நிற்பதோ குழல்வாய்க்கு இரண்டு மூன்று மீட்டர் எதிரில். அங்கே கண்ணின் கோடு பெட்டியின் நெற்றிக்கு மேல் சுத்தமாகத் தாண்டிப் போக, குழலின் கோடு அதற்குக் கீழே, கிட்டத்தட்ட அதே நாலு சென்டிமீட்டர் தாழ்ந்து, பெட்டியின் மார்பையே குறிவைத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்கு வழிவிட்டு நிற்கிற பெட்டி குழலுக்கும் வழிவிட்டிருக்கவேண்டும் என்பதில்லை. ஸ்கோப்பில் இலக்கு தெள்ளத்தெளிவாகத் தெரியத் தெரியத்தான் மனிதனுக்குத் தைரியம் வருகிறது, விசை இழுபடுகிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. பத்து மீட்டர் களத்தில் தம் இலக்கில் ஐந்தாறு குண்டு போட்டுவிட்டு, அட்டை கிழிந்துவிட்டதே என்று, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பக்கத்து இலக்கைக் குறிபார்க்கிறார் ஒருவர். அங்கே ஒரு மீட்டர் நகர்வு, இரண்டு மீட்டரில் நிற்கும் குரோனோவின் இடத்தில் இருபது சென்டிமீட்டர். குண்டு கம்பியில் மோத அது போதுமானது. நூறு மீட்டரில் சுடுகிறவர் அதே ஒரு மீட்டர் விலகினால், மூன்று மீட்டரில் நிற்கும் பெட்டியருகே மூன்றே சென்டிமீட்டர்தான் நகர்கிறது. தூரம் குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்று நினைக்கிற நம் சாமானிய புத்தி இங்கே தலைகீழாகிறது.

சென்னைக்கு அருகிலுள்ள ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகக் கிழக்கே போனால் அனுமந்தபுரத்தில் பாதுகாப்புப் படையினரின் சுடுகளம் இருக்கிறது. ஒத்திவாக்கத்தில் காவல் துறையினருடையது. நான் சொல்லப்போகிற களம் அவ்வளவு கீர்த்தி வாய்ந்ததல்ல: பத்து மீட்டர் நீளம், சில சுடுமேடைகள், அவ்வளவுதான். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற என் நண்பர், ஒரகடத்தில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் அளவை அறையில் வேலை பார்ப்பவர். அவர் குரோனோவை நிறுத்துகிற அழகைப் பார்ப்பதற்கென்றே போய் உட்கார்ந்திருக்கலாம். சுடுவது நின்று, எல்லாத் துப்பாக்கிகளும் காலி என்று காட்டப்பட்ட பிறகே முன்னே போவார். முக்காலியை விரித்ததும் அதன் நடுவே மணல் நிரப்பிய துணிப்பையைத் தொங்கவிடுவார். காற்றில் சாய்ந்து விழுந்து உடைந்த பெட்டிகள், குண்டடிபட்டு உடைந்தவற்றுக்குத் தொகையில் இளைத்தவையல்ல.

பிறகுதான் விசேஷம். பெட்டியோடு வந்த எஃகுக் கம்பிகளை அவர் உபயோகிப்பதே இல்லை. வாலாஜாபாத் சாலையோரத்தில் கூடை முடைகிறவர்களிடம் வாங்கிய மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளந்து, சீவி, துளைக்குள் அழுத்தமாகப் போய் நிற்கும் பருமனுக்கு உப்புக்காகிதத்தால் தேய்த்து, வெர்னியர் காலிப்பரில் ஒவ்வொன்றாக அளந்து வைத்திருக்கிறார். துளைக்கு இரண்டு விரற்கடை மேலே ஒவ்வொரு குச்சியிலும் கத்தியால் வட்டமாக ஒரு கீறல். ‘எஃகுக் கம்பியில் குண்டு பட்டால் கம்பி உடையாது, அது நெம்புகோலாகித் துளையைப் பெயர்த்து, உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் பலகையை முறித்துவிட்டுத்தான் ஓயும். மூங்கிலில் பட்டால் கீறல் இருக்கிற இடத்தில் படக்கென்று ஒடியும். பெட்டிக்கு ஒன்றும் தெரியாது’ என்பது அவர் சித்தாந்தம். மூங்கில் குச்சியோ மரக்குச்சியோ செருகிக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் சுடுவோரிடையே உண்டு. எங்கே ஒடியவேண்டும் என்பதையும் கீறி நிர்ணயித்து வைக்கும் லாகவத்தைத்தான் நான் இவரிடம் கண்டேன்.

அந்த லாகவம் அவருக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். ஒரகடம் வட்டாரத்து அளவை அறைகளில், சி.எம்.எம். என்று எல்லோரும் சொல்லும் மூவச்சு அளவை யந்திரத்தின் நுனியில், கெம்புக்கல்லாலான ஒரு சிறு கோளம் மெல்லிய தண்டின் முனையில் நின்று, எஞ்சின் பாகங்களைத் தொட்டுத் தொட்டு அளக்கும். யாரோ புரோகிராமைத் தப்பாக எழுதித் தண்டு போய்ப் பாகத்தில் இடித்தால், காந்தத்தால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த முனை கழன்று விழுந்துவிடும்படி சில ஆய்வுமுனைகளை அமைத்திருக்கிறார்கள். விழுந்ததை எடுத்துத் திரும்ப ஒட்டிச் சரிபார்த்துக்கொண்டால் வேலை தொடரும். விலையுயர்ந்த தலைப்பகுதி தப்பிவிடும்.

மலிவானதை இழந்து விலையுயர்ந்ததைக் காக்கும் இந்த விவேகம் புதிதல்ல. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை முதன்முதல் நம்பத்தக்க முறையில் அளந்தவர் என்று போற்றப்படும் பெஞ்சமின் ராபின்ஸ், அந்த வித்தையை விவரிக்கும் நூலை 1742-ல் வெளியிட்டார். அவர் கருவி ஓர் ஊசல். குண்டு அதில் பாய்ந்ததும் ஊசல் பின்னுக்குப் போகும். எவ்வளவு போயிற்று என்பதை, கூடவே இழுபட்டுச் செல்லும் ஒரு ரிப்பனின் நீளம் காட்டும். அதிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். இங்கே குண்டுக்குத் தப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. குண்டு கருவியில் பட்டே தீரவேண்டும். ஆகையால் ஊசலின் இரும்புத் தகட்டின்மேல் கனத்த மரக்கட்டை ஒன்றைத் திருகாணிகளால் பிணைத்திருந்தார். குண்டு மரத்தில் புதையும், மரம் சிதைந்தால் மாற்றிக்கொள்ளலாம், இரும்பு நிலைத்திருக்கும். 1746-ல் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் அளித்தது. அதற்கு முந்தின வருஷமே மகாகணிதரான ஆய்லர் அந்நூலை விரிவுரையோடு ஜெர்மன் பாஷையில் கொண்டுவந்துவிட்டார். இவ்வளவு பெரிய மனிதரான ராபின்ஸ் கடைசியில் எங்கே வந்து சேர்ந்தார் என்றால், நம் கடலூருக்கு! கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-ல் வந்து, கோட்டைகளைச் சீர்படுத்தும் திட்டங்களில் ஈடுபட்டிருக்கையில் நோயுற்று, 1751 ஜூலை 29 அன்று தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் காலமானார். கடலூரார் இதைக் கொண்டாடாமல் இருப்பது எனக்குச் சற்றுக் குறைதான்.

ராபின்ஸுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1860-களில் பெல்ஜிய ராணுவ அதிகாரி லெ பூலாஞ்சே செய்த கருவி வேறு யுக்தியைக் கையாண்டது. குண்டின் பாதையில் மின்சாரம் ஓடும் கம்பித் திரைகள் இரண்டு. முதல் திரை அறுபட்டதும் மின்காந்தத்தில் தொங்கிய நீளக்கோல் விழ ஆரம்பிக்கும். இரண்டாம் திரை அறுபட்டதும் குட்டைக்கோல் விழுந்து ஒரு கத்தியை விடுவிக்க, அது நீளக்கோலின்மேல் தழும்பிடும். தழும்பு விழுந்த உயரமே காலம். அளக்கும் கோல்கள் குண்டின் பாதையை விட்டு ஒதுங்கியே இருக்கும். அறுபடுவதெல்லாம் கம்பி, அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டிக்கொள்வார்கள்.

இதே விவேகத்தின் விசுவரூபம் ஒரகடத்திலேயே இருக்கிறது. அங்குள்ள குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டரில் கார்களை மோதிப் பார்க்கும் கூடம் ஒன்று உண்டு. 2023 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த பாரத் என்.கேப் முறைப்படி நேர்மோதல் சோதனையில் காரின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். அதாவது வினாடிக்குப் பதினெட்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, நம் ஈயக்குண்டின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு. மோதும் கணத்தில் வேகம் இத்தனை என்பது பிசகினால் சோதனையே வீண். எனவே மோதலுக்குச் சற்று முன்பாகவே அதை அளந்துகொள்கிறார்கள். மோதப்படும் தடுப்பின் முகத்தில் இருப்பது தேன்கூட்டு அமைப்பிலான அலுமினியம். அது நசுங்குவதற்கென்றே பிறந்தது. சோதனை முடிந்ததும் புதிது மாட்டுவார்கள். என் நண்பரின் கீறலிட்ட மூங்கில் குச்சிக்கும் அந்த அலுமினியத்துக்கும் ஜாதி ஒன்றுதான்.

இதையெல்லாம் அறியாதவர்கள் செய்கிற காரியம், பெட்டிக்கு முன்னால் கனத்த இரும்புத் தகடு ஒன்றை நிறுத்துவது. கவசம் போட்டாயிற்று என்ற நிம்மதி! தகட்டில் பட்ட ஈயம் சிதறிச் சுடுகிறவர் பக்கமே திரும்பி வரக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, கவசம் இருக்கிறதே என்ற தைரியத்தில் குறியைச் சரிபார்க்கும் சிரத்தை போய்விடுகிறது. எனக்கு அந்தத் தகடுகளைக் கண்டால் பிடிப்பதில்லை.

குண்டின் பாதைக்கு வெளியே, துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு வேகத்தைச் சொல்லும் ராடார் சாதனங்கள் இப்போது வந்துவிட்டன; 2023-ல் கார்மின் கம்பெனி வெளியிட்டது உள்ளங்கையில் அடங்கிவிடும். அவற்றுக்கும் ஹானி இல்லாமல் இல்லை: குழல்வாயில் பிரேக் பொருத்திய ரைஃபிளின் பக்கவாட்டுக் காற்றடியில் மேஜையிலிருந்து உருண்டு விழலாம், சித்திரை வெயிலில் திரை கருத்துப்போகலாம். சாதனத்தையே சுட்டுவிடும் ஆபத்து மட்டும் தீர்ந்தது. சௌகரியம் பெரிதுதான், மறுப்பதற்கில்லை. என்றாலும் என் நண்பர் பழைய பெட்டியை விடுவதாக இல்லை.

ஒருநாள், புதிதாக ஏர் ரைஃபிள் வாங்கிய இளைஞர் ஒருவர் அவரிடம் வந்து, “அண்ணே, நானும் குரோனோல ஒரு அஞ்சு ஷாட் பார்த்துக்கட்டுமா?” என்று கேட்டார். பிறர் துப்பாக்கிக்குப் பெட்டியை இரவல் கொடுப்பது சேதத்தின் வாசற்படி என்பது களமறிந்த சங்கதி. நண்பர் மறுக்கவில்லை. “தாராளமா பாருங்க தம்பி. முதல்ல இதுல சுடுங்க” என்று சொல்லி, பெட்டியை எடுத்துவிட்டு, அதே உயரத்துக்கும் அகலத்துக்கும் வெட்டிய காலி அட்டைச் சட்டம் ஒன்றை முக்காலியில் மாட்டினார். அதன் குறுக்கே மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. பெட்டியின் கண்கள் இருக்கக்கூடிய மட்டத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் மேலே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. குண்டுகள் அந்தக் கோட்டுக்கு மேலே, நடுவாகப் போகவேண்டும்.

ஐந்தும் சுட்டாயிற்று. இலக்கில் எல்லாம் நெருக்கமாக, அழகாக விழுந்திருந்தன. சட்டத்துத் தாளில் ஐந்து துளைகளும் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே, ஒரே கொத்தாக இருந்தன.

“இலக்குல கரெக்டா இருக்கேண்ணே?”

“இருக்கு. முக்காலியை நாலு சென்டிமீட்டர் இறக்கணும். இறக்கிட்டு இன்னொரு தடவை தாள்லயே சுடுங்க, பெட்டி அப்புறம்.”

முக்காலியின் கால்களைத் தளர்த்தி இறக்கிவிட்டு, அவர் பையிலிருந்து புதுத் தாளை எடுத்து ஒட்டலானார்.