பிளாக்ஸ்மனின் வெட்ஜ்வுட் வடிவங்களும் தஞ்சைப் புடைப்புச் சிற்பமும்

ஜான் பிளாக்ஸ்மன் (1755–1826) ஆங்கிலேயச் சிற்பி. ஜோசியா வெட்ஜ்வுட்டின் மட்பாண்டத் தொழிற்சாலைக்கு 1775 முதல் உருவங்கள் வடித்துக் கொடுத்தார். 1810ல் லண்டன் ராயல் அகாடமியின் முதல் சிற்பக்கலைப் பேராசிரியரானார். தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ் தேவாலயத்திலுள்ள சலவைக்கல் புடைப்புச் சிற்பம் இவருடைய படைப்பு. தொழிற்சாலையில் பெற்ற பயிற்சியின் பலத்தையும் எல்லையையும் அச்சிற்பத்தில் காணலாம்.

வெட்ஜ்வுட் வடிவங்கள்

வெட்ஜ்வுட்டின் ஜாஸ்பர் கலங்கள் மெருகுப்பூச்சு இல்லாதவை. வெள்ளைக் களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்த உருவங்களை, நீலம் போன்ற நிறம் கொண்ட கலத்தின்மேல் ஒட்டிச் சூளையில் சுடுவார்கள். உருவம் மெல்லியது, ஆழ்ந்த நிழலுக்கு அதில் இடமில்லை. எனவே யார் என்ன செய்கிறார் என்பதைப் புறக்கோடே சொல்லியாக வேண்டும். ஹோமர் தெய்வநிலை அடைவதைக் காட்டும் பிளாக்ஸ்மனின் வடிவம் (1778) ஒரு கிரேக்கக் கலத்தின் ஓவியத்தைத் தழுவியது. 'நடனமாடும் நாழிகைகள்' வரிசையில் பெண்களை வேறுபடுத்துவது முகமல்ல, கைகால்களின் அசைவு.

தஞ்சைச் சிற்பம்

ஜெர்மானிய மதபோதகர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் ஷ்வார்ட்ஸ் 1798ல் மறைந்தார். அவரைத் தந்தையாகக் கருதிய தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி இச்சிற்பத்தைச் செய்வித்தார். ஷ்வார்ட்ஸ் மரணப்படுக்கையில் இருக்கிறார். சரபோஜி அவர் கையைப் பற்றியிருக்கிறார். சக போதகர் கெரிக்கே, அமைச்சர்கள், பள்ளிச் சிறுவர்கள் சூழ்ந்திருக்கிறார்கள்.

மதிப்பீடு

இத்தனை பேர் இருந்தும் பார்வை செல்வது பற்றிய கைகளுக்கே. மண்கலத்தில் பழகிய சிக்கனம் இங்கே உணர்ச்சியாகிறது. போதகர் கொடுப்பவர், உள்ளூர்க்காரர் பெறுபவர் என்ற வழக்கமான அமைப்பும் இதில் தளர்கிறது. மதம் மாறாத ஓர் இந்து மன்னர் தேவாலயத்துக்குள் மகனின் இடத்தில் நிற்கிறார். அவரே சிற்பத்தைச் செய்வித்தவர் என்பதால் அது அவரது துயரத்தின் பதிவும் ஆகிறது.

பிளாக்ஸ்மன் இந்தியாவுக்கு வந்ததில்லை. ஷ்வார்ட்ஸ் கல்விப்பணி செய்தது சிறுவர்களுக்காக. சிற்பத்திலோ அவர்கள் பெயரற்ற வகைமாதிரிகளாக, காட்சியை நிறைப்பவர்களாக மட்டுமே இருக்கிறார்கள். கலத்தைச் சுற்றி ஆடும் பெண்களுக்குத் தனிமுகம் தேவைப்படவில்லை. நினைவுச்சின்னத்தில் அது இழப்பு. ஒரு மனிதரின் பணியை நினைவுகூரும் கல்லில், அப்பணி யாருக்காக நடந்ததோ அவர்களே மங்கிப்போகிறார்கள்.