துலாக்கோலில் ஏறிய அழகு

அழகைப் போற்றாத இலக்கியம் எம்மொழியிலும் இல்லை. பாளையம் பெயர்த்துச் சென்றுவிட்ட காதலியை நினைந்து, அவள் கூடாரம் இருந்த மணற்பரப்பில் நின்று புலம்புவதோடுதான் பண்டைய அரபுக் கவிஞன் தன் கசீதாவைத் தொடங்குகிறான். தமிழ்ப் புலவனோ பாதாதி கேசம் என்றும் கேசாதி பாதம் என்றும் துறை வகுத்துக்கொண்டு, அடி முதல் முடி வரை பாடி வைத்தான். ஆகவே அழகைப் பேசுவதே குற்றம் என்று வாதிட நாம் முற்படவில்லை. ஆனால் கசீதாவிலும் சரி, பாதாதி கேசத்திலும் சரி, நூற்றுக்கு இத்தனை என்று எந்தப் புலவனும் மதிப்பெண் இட்டதில்லை. முதலிடம் இன்னாருக்கு, எஞ்சியோர் வீடு திரும்பலாம் என்று தீர்ப்புச் சொன்னதுமில்லை. அழகு எப்போது அளவுகோலுக்குள் வந்தது? வந்ததனால் ஊதியம் யாருக்கு, இழப்பு யாருக்கு? ‘உலக அழகி’ப் போட்டியின் வரலாற்றை இக்கேள்விகளோடு ஆராய்வது பயனுடையது என்று கருதுகிறோம்.

இத்தகைய போட்டிகளின் தோற்றுவாய் கலைக்கூடம் அன்று, கடைவீதியே. 1921-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் நகரில் விடுதிக்காரர்களும் வணிகர்களும் கூடி ஓர் உபாயம் கண்டனர். கோடை கழிந்த பின்னும் உல்லாசப் பயணிகள் ஊரில் தங்கவேண்டும் என்பதே அவர்கள் கவலை. அதற்கென அமைத்த விழாவிலிருந்தே ‘அமெரிக்க அழகி’ப் போட்டி பிறந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1951-ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க அழகி யோலாண்ட் பெட்பீஸ் நீச்சலுடை அணிந்து ஊர் ஊராகக் காட்சி தர மறுத்தார். போட்டியை ஆதரித்து வந்த ‘கேட்டலினா’ என்னும் நீச்சலுடை நிறுவனம் சினந்து விலகிக்கொண்டு, 1952-இல் ‘பிரபஞ்ச அழகி’ என்ற போட்டி எழக் காரணமாயிற்று. ஒரு பெண் ‘மாட்டேன்’ என்றாள். வணிகன் வேறு பெண்களைத் தேடிக்கொண்டான். இத்துறையின் வரலாறு முழுவதற்கும் இந்நிகழ்ச்சியைப் பாயிரமாகக் கொள்ளலாம்.

உலக அழகிப் போட்டி லண்டன் மாநகரில் பிறந்தது. போரில் களைத்த பிரிட்டன், 1951-இல் ஒரு பெருவிழா எடுத்தது. அவ்விழாவையொட்டி எரிக் மோர்லி என்பவர், தம் நிறுவனத்தின் லைசியம் நடன அரங்கில் பிகினி அழகிப் போட்டி ஒன்றை நடத்தினார். ஸ்வீடன் நாட்டுக் கிக்கி ஹாக்கன்சன் வென்றார். ‘உலக அழகி’ என்ற பெயரைச் சூட்டியவை பத்திரிகைகளே. ஒருமுறை நடத்தி முடிக்கக் கருதிய போட்டிதான். அமெரிக்காவில் பிரபஞ்ச அழகிப் போட்டி புறப்படுகிறது என்று அறிந்ததும் மோர்லி இதை ஆண்டுதோறும் நடத்தத் துணிந்தார்.

மோர்லி பணியாற்றிய நிறுவனத்தின் பெயரைக் கேட்டால் நம் வாசகர்கள் திடுக்கிடக்கூடும். அதன் பெயர் ‘மெக்கா’. ஆம், நாளொன்றுக்கு ஐவேளை நாம் முகம் திருப்பும் திருநகரின் பெயரேதான்! பலரும் நாடிச் செல்லும் எந்த இடத்துக்கும் ஆங்கிலத்தில் அச்சொல் பொதுப்பெயராக வழங்கத் தொடங்கி நெடுங்காலமாகிறது. நடன அரங்குகளுக்கும், பின்னர் ‘பிங்கோ’ சூதாட்டக் கூடங்களுக்கும் அதையே சூட்டினார்கள். இதற்காக நாம் ஈண்டுக் கொதித்தெழப் போவதில்லை. திருநகரின் பெயரை யார் எந்தப் பலகையில் எழுதினாலும் திருநகரின் மாண்பு குன்றாது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சொல் வணிகன் கைக்குப் போனால் அதன் பொருள் எவ்வளவு தேய்ந்துவிடுகிறது! ‘அழகு’ என்ற சொல்லுக்கும் அந்த அரங்கில் அதே கதிதான் நேர்ந்தது.

பிகினி உடையில் முடிசூட்டியதைப் பல நாடுகள் கண்டித்தன. போட்டியாளர்களை அனுப்பமாட்டோம் என்று எச்சரித்த நாடுகளும் இருந்தன. உடனே பிகினி நீங்கி, உடலைச் சற்றுக் கூடுதலாக மறைக்கும் நீச்சலுடை வந்தது. மார்பும் இடையும் இத்தனை அங்குலம் என்று அவையோர் முன் அறிவிக்கும் வழக்கமோ தொடர்ந்தது. 1959 முதல் பி.பி.சி. தொலைக்காட்சி இதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. ஆடை மாறிற்று, அளவுகோல் மாறவில்லை. பின்வந்த ஒவ்வொரு திருத்தத்திலும் இதையே காண்கிறோம்.

இந்த மேடையில் ஏறிய பெண்களை இகழ்ந்துரைப்பது நம் நோக்கமன்று. 1966-இல் பட்டம் வென்ற ரீட்டா ஃபாரியா பம்பாய் மருத்துவக் கல்லூரி மாணவி. ஆசியாவிலிருந்து இப்பட்டம் பெற்ற முதற்பெண். வென்ற சில வாரங்களில், வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படைவீரர்களை மகிழ்விக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு அவர் அழைத்துச் செல்லப்பட்டார். இந்தியாவில் அதற்குக் கண்டனம் எழுந்தது. பட்டத்துக்குரிய ஓராண்டு முடிந்ததும் திரை வாய்ப்புகளை நாடாமல் அவர் மருத்துவப் படிப்புக்குத் திரும்பினார், மருத்துவராகவே வாழ்ந்தார். ஓராண்டுக் காலம் உலகம் அவர் உருவத்தைப் பார்த்தது. பின்னர்ப் பல்லாண்டுகள் நோயாளிகள் அவர் கைத்திறத்தைக் கண்டனர். இவற்றுள் எது அவருடைய அழகு என்று நம் பெண்மக்கள் சிந்திக்கட்டும்.

1970-ஆம் ஆண்டு நவம்பர் 20 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடந்தது வரலாற்றில் நின்றுவிட்டது. நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தவர் அதே பாப் ஹோப். அவர் நகைச்சுவை பேசிக்கொண்டிருந்தபோது, பார்வையாளரோடு பார்வையாளராக அமர்ந்திருந்த பெண்ணுரிமை இயக்கத்தினர் எழுந்து கிலுகிலுப்பைகளை ஒலித்து, மாவுப் பொட்டலங்களையும் துண்டறிக்கைகளையும் வீசினர். ஹோப் மேடையை விட்டு ஓடினார். ‘இது மாட்டுச் சந்தை’ என்பதே அவர்கள் முழக்கத்தின் சாரம்.

ஆனால் அதே இரவில் மற்றோர் உண்மையும் அரங்கேறியது. கிரெனடா என்னும் சிறு தீவிலிருந்து வந்த ஜெனிஃபர் ஹோஸ்டன் முடிசூட்டப்பட்டார். கறுப்பினப் பெண் ஒருத்தி இப்பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா, வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவருமாக இருவரை அனுப்பியிருந்தது. அவர்களுள் பேர்ல் ஜான்சன் என்ற கறுப்பினப் பெண் இரண்டாமிடம் பெற்றார். நடுவர் குழுவில் கிரெனடாவின் அரசுத் தலைவரே அமர்ந்திருந்ததால் தீர்ப்பில் ஐயம் கிளப்பியோரும் உண்டு. பிற்காலத்தில் கனடாவில் தம் நாட்டுத் தூதராகப் பணியாற்றிய ஹோஸ்டன், அவ்வெற்றி கறுப்பினச் சிறுமியருக்கு நம்பிக்கை ஊட்டியது என்பதையே வலியுறுத்தினார். சந்தை என்று கண்டித்தவர்கள் சொன்னதும் மெய். அதுவரை சந்தையின் வாயிலில்கூட நிற்க விடப்படாதவள் உள்ளே வந்தாள் என்பதும் மெய். நேர்மையான திறனாய்வு இரண்டையும் ஏற்க வேண்டும்.

பின்னர், அழகோடு நற்பணியும் உண்டு என்ற முழக்கம் எழுந்தது. மோர்லியின் துணைவியார் ஜூலியா மோர்லி 1972-இல் தொடங்கிய அத்திட்டத்தின் வழியாக ஏழைக் குழந்தைகளுக்குப் பெரும் நிதி சென்றது. அதை மறைப்பது நியாயமன்று. ஆனால் 1974-இல் வென்ற ஹெலன் மோர்கன் ஒரு குழந்தையின் தாய் என்பது செய்தித்தாள்களில் அடிபட்டதும், நான்கே நாளில் அவர் பட்டத்தைத் துறக்க நேர்ந்தது. குழந்தைகளுக்கு நிதி திரட்டிய மேடையில் தாய்க்கு இடமில்லை!

1980-களின் இறுதியில் பிரிட்டனின் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் இப்போட்டியைக் கைவிட்டன. பிறந்த வீட்டில் மதிப்பிழந்தது புகுந்த வீட்டில் செல்வாக்குப் பெற்றது. 1991-இல் இந்தியா தன் சந்தைக் கதவுகளைத் திறந்தது. 1994-இல் ஐஸ்வர்யா ராய், 1997-இல் டயானா ஹேடன், 1999-இல் யுக்தா முகி, 2000-இல் பிரியங்கா சோப்ரா என உலக அழகிப் பட்டம் இங்கே வந்துகொண்டிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் இந்தியப் பெண்கள் திடீரென அழகுற்றார்களா? அன்று, அழகுப் பொருள் விற்போரின் கண்ணுக்கு இந்நாட்டு நடுத்தரக் குடும்பங்கள் திடீரெனப் புலப்பட்டன என்பதே நம் கருத்து.

1996-இல் பெங்களூரில் போட்டி நடந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பெண்கள் அமைப்பினர், உழவர் இயக்கத்தினர், இந்துத்துவ அமைப்பினர் எனக் கருத்தால் வேறுபட்ட பலரும் எதிர்த்தனர். நீச்சலுடைச் சுற்றை மட்டும் சேஷெல்ஸ் தீவுகளுக்கு மாற்றிவிட்டு எஞ்சியதைக் காவல் படையின் பாதுகாப்பில் நடத்தி முடித்தனர். அந்நாட்களில் நம் மதுரையில் ஓர் இளைஞர் இப்போட்டியை எதிர்த்துத் தீக்குளித்து மாண்டார். பெண்ணின் மானத்துக்காக என்று ஓர் உயிர் கருகியது. போட்டியோ ஒருநாள்கூடத் தள்ளிப்போகவில்லை.

இனி, நம் நெஞ்சைச் சுடும் பகுதிக்கு வருவோம். 2001-இல் நைஜீரியாவின் அக்பானி டாரெகோ பட்டம் வென்றதால், 2002-ஆம் ஆண்டுப் போட்டியை அந்நாட்டின் அபுஜா நகரில் நடத்த ஏற்பாடாயிற்று. ரமலான் மாதத்தை முன்னிட்டு இறுதிநாளைத் தள்ளிவைத்தனர். அப்போது வடபகுதியில் கட்சினா மாநிலத்தில் அமீனா லவால் என்னும் ஏழைப் பெண்ணுக்கு விபசாரக் குற்றத்துக்காகக் கல்லெறி தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டித்துச் சில நாட்டுப் போட்டியாளர்கள் வர மறுத்தனர். நவம்பர் 16 அன்று ‘திஸ் டே’ என்ற நாளேடு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இப்போட்டியோடு இணைத்து இழிவான வரி ஒன்றை வெளியிட்டது. அது எந்த முஸ்லிமின் நெஞ்சையும் புண்படுத்தும் என்பதில் ஐயமில்லை. ஏடு மன்னிப்பும் கேட்டது. ஆயினும் கடூனா நகரில் கலவரம் மூண்டு, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமாக இருநூறுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். போட்டியாளர்கள் விமானம் ஏறி லண்டன் போய்ச் சேர்ந்தனர். திட்டமிட்டபடி டிசம்பர் 7 அன்று போட்டி அங்கே நடந்தது. துருக்கி நாட்டு அஸ்ரா அகின் முடிசூடினார்.

கடூனாவில் மாண்டவர்களில் யார் அந்த மேடையில் நின்றார்கள்? யார் அந்த வரியை எழுதினார்கள்? தம்மைக் கல்லால் அடித்த தாயிஃப் நகர மக்களுக்காகவும் நன்மையை நாடிய நபிகளின் பெயரால் அண்டைவீட்டானைக் கொன்றவர்கள், அந்த நாளேட்டைவிடப் பெரிய அவமதிப்பையே செய்தார்கள் என்பது நம் உறுதியான கருத்து. அமீனா லவாலை மீட்டது எது தெரியுமா? அழகிகளின் புறக்கணிப்பன்று, கலவரக்காரர்களின் வாளுமன்று. 2003 செப்டம்பரில் கட்சினாவின் ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றமே அத்தண்டனையை ரத்துச் செய்தது. தற்காப்புக்குத் தக்க வாய்ப்புத் தரப்படவில்லை என்பது அது கண்ட குறைகளுள் ஒன்று. அவருக்காக வாதிட்டவர்களுள் பெண் வழக்கறிஞரும் உண்டு. ஒரு பெண்ணின் சொல்லைச் செவிமடுத்த இடத்தில் நீதி பிறந்தது; செவிமடுக்காத இடங்களிலெல்லாம் கூச்சலே மிஞ்சியது.

அதன் பின்னும் திருத்தங்கள் தொடர்ந்தன. 2013-இல் இந்தோனேசியாவில் முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பால் பிகினிக்கு மாற்றாகச் சாரங்கள் வந்தன. ஜகார்த்தாவின் அருகே நடக்கவேண்டிய இறுதிச்சுற்று பாலித் தீவுக்கு மாறியது. 2014-இன் இறுதியில் நீச்சலுடைச் சுற்றையே கைவிடுவதாக அறிவித்தனர். துலாக்கோல் போய்விட்டதா? 2025 மே மாதம் ஹைதராபாத்தில் நடந்ததைப் பாருங்கள். ராமப்பா கோயிலைக் காணச் சென்ற போட்டியாளர்களின் பாதங்களில் உள்ளூர்ப் பெண்கள் நீர் வார்த்துத் துடைத்துவிட்ட காட்சி வெளியாகிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. இங்கிலாந்து அழகி பாதியில் விலகி ஊர் திரும்பினார். செல்வந்தர் விருந்துகளில் அவர்களை மகிழ்விக்கும் பொருளாகத் தம்மை நடத்தியதாக உணர்ந்தேன் என்று குறைகூறினார். அமைப்பாளர்கள் அதை மறுத்தனர். நீச்சலுடை நீங்கிய பின்னும் இக்குற்றச்சாட்டு எழுந்தது என்பதே சிந்தனைக்குரியது.

அரபு மொழியில் ‘ஹுஸ்ன்’ என்ற சொல்லுக்கு அழகு என்றும் நன்மை என்றும் பொருள். நற்செயலைக் குறிக்கும் ‘ஹஸனா’வும், செய்வதைச் செவ்வனே செய்தலாகிய ‘இஹ்ஸா’னும் அவ்வேரில் கிளைத்தவையே. ஹஸீனா என்று மகளுக்குப் பெயரிடும் தந்தை அறிந்தோ அறியாமலோ இரண்டையும் சேர்த்தே வேண்டுகிறான். அங்குலக் கோலால் அளந்தபோது போட்டி மேடை இச்சொல்லை இரண்டாகப் பிளந்தது. பிறகு நற்பணி என்ற ஒட்டுப்போட்டு இணைக்கப் பார்த்தது.

அம்மேடையைப் பழிக்கும் நம் கைகள் சுத்தமானவையா? பெண் பார்க்கப் போகும் நம் வீட்டார் என்ன செய்கிறார்கள்? நிறம் எப்படி, உயரம் எவ்வளவு, முடி நீளமா என்று கண்ணால் எடைபோட்டு, பலகாரம் உண்டு, “கலந்து பேசிவிட்டுச் சொல்லியனுப்புகிறோம்” என்று எழுந்து வருகிறார்களே, அது எத்தகைய சுற்று? ‘பெண் கொஞ்சம் கறுப்பு’ என்ற ஒரு சொல்லில் கைக்கூலியின் தொகை ஏறுகிறதே, அது எத்தகைய மதிப்பெண்? மணமகன் மஹர் கொடுத்து மணக்கவேண்டிய மார்க்கத்தில், நிறத்துக்கு ஈடாகப் பெண்ணின் தந்தை பணம் கொடுக்கிறான். 1975-இல் இந்நாட்டில் அறிமுகமான வெளுப்புக் களிம்பு ஒன்று, 45 ஆண்டுகள் கழித்து 2020-இல்தான் தன் பெயரிலிருந்து ‘வெளுப்பு’ என்ற சொல்லை நீக்கிக்கொண்டது. சொல் நீங்கிற்று, நம் வீட்டு முற்றத்தில் அந்த ஆசை நீங்கிற்றா?

உலக அழகிப் போட்டியில் தோற்றவள் ஊருக்குத் திரும்பி வேறு வாழ்வைத் தொடங்கலாம். பெண் பார்க்க வந்தோர் வேண்டாம் என்று சொல்லிப்போன வீட்டில், அந்தப் பெண் அதே அறையில், அதே கண்ணாடி முன்தான் மறுநாளும் நிற்கவேண்டும். திருமணத்துக்கு அவள் சம்மதம் கட்டாயம் என்று நிகாஹ் சபையில் கேட்கிறோம். அவள் என்ன படித்தாள், எதை விரும்புகிறாள், என்ன எண்ணுகிறாள் என்பதையும் முதல் நாளே, நிறத்தைப் பார்க்கும் முன்பே கேட்கப் பழகுவோமாக. லண்டனிலோ ஹைதராபாத்திலோ உள்ள மேடையை இறக்குவது நம் கையில் இல்லை. நம் வீட்டுத் துலாக்கோலை இறக்கிவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.