தாய் என்றும் அவர் என்றும்

இங்கிலாந்தின் நார்விச் நகரில் ஆலயத்தையொட்டிய சிற்றறையில் தனித்து வாழ்ந்த தவமகள் ஜூலியன், 1373 மே மாதத்தில் தாம் கண்ட காட்சிகளை இரு வடிவங்களில் எழுதிவைத்தார். 86 அதிகாரங்கள் கொண்ட நெடிய வடிவில்தான், இயேசு நம் தாய் என்னும் சிந்தனை விரிகிறது. பேறுகால வேதனையைச் சிலுவையிலும், தாய் ஊட்டும் பாலை நற்கருணையிலும் அவர் காண்கிறார்.

இறையன்பு தாயன்பைப் போன்றது என்று எசாயாவும் உரைத்ததுண்டு. ஜூலியனோ உவம உருபையே நீக்கிவிடுகிறார். இயேசுவே மெய்யான தாய். உலகத்துத் தாய்மை அதன் சாயல்.

ஆயினும், அத்தாயைச் சுட்டுகையில் ஆங்கிலத்தின் ஆண்பாற் சுட்டுப்பெயரையே ஆள்கிறார். இம்முரணை அவர் களையவில்லை. படிப்பவர் தடுக்கி நிற்கிறார்; அத்தடுக்கலே, இறைவன் பால்வேறுபாட்டுக்கு அப்பாற்பட்டவர் என உணர்த்துகிறது.

தமிழிலோ 'அவர்' என்கிறோம். உயர்வு சுட்டும் அச்சொல் பால் காட்டுவதில்லை. ஜூலியனைத் தமிழாக்கினால் அம்முரண் கரைந்துவிடும். இது பேறா, இழப்பா? இழப்பே என்பேன். 'அவர்' என்று சொல்லியும் நம் உள்ளத்தில் எழுவது தாடி நரைத்த முதியவரின் உருவமன்றோ? இறைவன் ஆணுமல்லர், பெண்ணுமல்லர் என்று 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது. இலக்கணம் நமக்கு எளிதாய்த் தந்ததை நம் கற்பனை இன்னும் ஏற்கவில்லை. செபிக்கும் நெஞ்சில் தாயின் முகமும் எழவேண்டும். அதற்குச் சுட்டுப்பெயர் போதாது. ஜூலியனின் துணிவு வேண்டும்.