பிரக்ஞானந்தாவின் இணையப் புகழை அளத்தல்: ஒரு திறனாய்வு

சென்னை பாடியில் வளர்ந்த சதுரங்க வீரர் ர. பிரக்ஞானந்தாவின் புகழை எண்ணால் காட்டும் ஆசை மாணவர் கட்டுரைகளிலும் செய்தித் தளங்களிலும் பெருகியுள்ளது. கூகுள் டிரெண்ட்ஸ் வரைபடம், விக்கிப்பீடியா பக்கப் பார்வைகள், சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் தொகை ஆகியவையே பெரும்பாலும் சான்றாகத் தரப்படுகின்றன. கருவிகளில் குறையில்லை, அவற்றை வாசிக்கும் முறையில்தான் குறை.

டிரெண்ட்ஸ் காட்டும் 100 என்பது நூறு தேடல்கள் அன்று. தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 எனக் கொண்டு மற்றவற்றை அதற்கு ஒப்பாகச் சுருக்கித் தருவதே அதன் வழக்கம். காலத்தை மாற்றினால் எண்ணும் மாறும். 2023 ஆகஸ்டில் பாகு உலகக் கோப்பை இறுதியில் அவர் மாக்னஸ் கார்ல்சனிடம் சமன்முறி ஆட்டத்தில் தோற்றார். நாடே பேசியது அந்தத் தோல்வியையும், அரங்கில் நின்ற தாயார் நாகலட்சுமியின் ஒளிப்படத்தையும்தான். 2018 சூனில் இத்தாலியில் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனதும், 2024இல் நார்வேயில் கார்ல்சனை முதன்முறையாகச் செவ்வியல் ஆட்டத்தில் வென்றதும் அவ்வளவு பேசப்படவில்லை. அப்படியானால் அந்த வரைபடம் ஆட்டத்தை அளக்கிறதா, பரபரப்பை அளக்கிறதா?

அடுத்தது எழுத்துக்கூட்டல். ஆங்கிலத்தில் அவர் பெயருக்கு நடுவில் இரட்டை ஜி, இறுதியில் இரட்டை ஏ. (பார்க்காமல் எழுதச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் தடுமாறுவர்.) 'பிரக்' என்று மட்டும் தேடுவோர் உண்டு, தமிழில் தேடுவோரும் உண்டு. ஒரே வடிவத்தை இட்டு எண்ணினால் மற்றவர்கள் கணக்கில் வரார். ஜப்பானிய பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஓத்தானிக்கும் இதே நிலைதான்: ஆங்கில எழுத்தில் மட்டும் தேடினால், காஞ்சி எழுத்தில் தேடும் அவருடைய சொந்த நாட்டவர் விடுபடுவர். டிரெண்ட்ஸில் 'தேடுசொல்' என்பதை விட்டுத் 'தலைப்பு' என்பதைத் தேர்ந்தால் இக்குறை ஓரளவு தீரும். பல கட்டுரைகள் எதைத் தேர்ந்தன என்றே குறிப்பிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கல் அவருடைய அக்கா வைஷாலிக்கு. வைஷாலி என்றால் பீகாரில் ஒரு மாவட்டம், பழைய நகரம், ஒரு விரைவு இரயில். அப்பெயருடைய நடிகையரும் உண்டு. வெறும் பெயரைத் தேடினால் இவை அனைத்தும் அவர் கணக்கில் சேரும். முழுப்பெயரை இட்டுத் தம்பியோடு ஒரே வரைபடத்தில் வைத்தாலோ, தம்பியின் உச்சத்தின் முன் அவர் கோடு தரையோடு ஒட்டிப்போகும். 2023இல் மகளிர் கிராண்ட் சுவிஸ் பட்டம் வென்று, அதே ஆண்டு கிராண்ட்மாஸ்டரும் ஆனவர் அவர். உலகில் கிராண்ட்மாஸ்டரான முதல் அக்கா–தம்பி இவர்கள். ஒரு வரைபடத்தை நம்பி 'வைஷாலியை யாருக்கும் தெரியாது' என்று எழுதுவது ஆய்வும் அன்று, நியாயமும் அன்று.

விசுவநாதன் ஆனந்தோடு ஒப்பிடுவது இதைவிட மோசம். டிரெண்ட்ஸ் தரவு 2004இலிருந்தும், விக்கிப்பீடியாவின் இன்றைய பக்கப் பார்வைக் கணக்கு 2015 சூலையிலிருந்தும்தான் கிடைக்கின்றன. ஆனந்த் முதன்முதலில் உலகப் பட்டம் வென்ற 2000ஆம் ஆண்டு இரண்டிலுமே இல்லை. அன்று அவரைத் தேடியவர்கள் நாளிதழைத் தேடினார்கள்.

சதுரங்கத்திலேயே எலோ தரப்புள்ளி என்ற அளவை இருக்கிறது. அதில் யாரிடம் வென்றார், எதிராளியின் பலம் என்ன என்பதெல்லாம் கணக்கில் வரும். பின்தொடர்வோர் தொகையில் அப்படி எதுவும் இல்லை. போலிக் கணக்கும் ஒன்று, பாடித் தெருவில் காய் நகர்த்தப் பழகும் சிறுவனும் ஒன்று. எண்ணைத் தரத்தான் வேண்டுமென்றால், தேடிய சொல், மொழி, நாடு, காலம் ஆகிய நான்கையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.