சஹனும் சாப்பாட்டு மேசையும்

பெருநாள் நெருங்கும்போதெல்லாம் விருந்து மேசையை அழகுபடுத்தும் குறிப்புகள் நம் இல்லங்களில் கைமாறத் தொடங்கிவிடுகின்றன. விரிப்பின் நிறம், நடுவே வைக்கும் பூ, துவாலையை மடிக்கும் விதம் என அவை நீள்கின்றன. அழகை யாரும் குறை கூற வேண்டியதில்லை. ஆயினும், அம்மேசையைச் சுற்றி அமர்வோர் ஒருவருக்கொருவர் என்ன ஆகிறார்கள் என்னும் வினா அக்குறிப்புகளில் எங்குமே எழக் காணோம். நம் முன்னோர் அமைத்த விருந்து அவ்வினாவிலிருந்தே தொடங்கியது.

அவ்விருந்துக்குச் சஹன் என்று பெயர். தட்டைக் குறிக்கும் அரபிச் சொல் அது. தரையில் விரித்த ஸுப்ராவின்மேல் பெரிய தட்டில் நெய்ச்சோறு. உடன் கறியாணமும் தால்சாவும். இளையவர்கள் கெண்டியும் படிக்கமும் ஏந்தி வந்து, அமர்ந்திருப்போர் கைகளுக்கு நீர் வார்ப்பர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இவ்வழக்கம் இன்றும் உண்டு. இலங்கையில் ஆறு பேருக்கு ஒரு சஹன் என்பது கணக்கு. நத்ஹர் வலி தர்காவைச் சூழ்ந்த திருச்சியிலோ உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் அண்டை வீட்டாராக வாழ்ந்தமையால், ஒரு வீட்டில் தஸ்தர்கான், மறு வீட்டில் சஹன்.

தட்டைச் சுற்றித் துழாவிய சிறுவர் ஒருவரிடம், இறைவன் பெயரைச் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகிலிருப்பதை உண்ணுமாறு பெருமானார் (ஸல்) கூறியதை ஹதீஸ் நூல்கள் எடுத்துரைக்கின்றன. பறக்கத்து உணவின் நடுவில் இறங்குகிறது, ஓரத்திலிருந்து உண்ணுங்கள் என்பது மற்றோர் அறிவுரை. சஹனின் இலக்கணம் இவ்விரண்டிலும் அடங்கிவிடுகிறது. நடுவிலிருக்கும் நல்ல இறைச்சித் துண்டு யாருக்கும் உரியதன்று. ஆகவே ஒவ்வொருவரும் அதை மற்றவர் பக்கமாக நகர்த்துவர். மெதுவாக உண்பவர் முடிக்கும்வரை ஏனையோர் கையை எடுப்பதில்லை. வெள்ளிக் கரண்டிகள் கற்றுத்தர இயலாத நாகரிகம் இது.

2020இல் கொரோனா வந்தபோது ஒரே தட்டில் கை வைப்பது நின்றது; அதில் நியாயமும் இருந்தது. இப்பொழுது சில திருமண மண்டபங்களில் சஹன் திரும்பி வருகிறது, ஆனால் புகைப்படத்திற்கு உரிய பொருளாக! தட்டு பளபளக்கிறது, அதைச் சுற்றி அமர்வோரோ ஒரே தரத்துச் செல்வர்கள். முதலாளியும் அவர் கடைப் பணியாளும் ஒரு தட்டில் கை வைக்காதபோது, அது அகன்ற தட்டு என்பதற்குமேல் ஒன்றுமில்லை.

பழமையைப் போற்றும் நாம் பேசத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. திருச்சி மாவட்டத்துத் துவரங்குறிச்சியைச் சேர்ந்த சல்மா, 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலில் வீட்டுக்குள் வாழும் நம் பெண்களின் உலகை எழுதினார். அதை முகச்சுளிப்போடு படித்தவர்கள் பலர். அந்நாவலை மூடிவைத்துவிட்டு நம் பெருநாள் விருந்தை எண்ணினால், ஆடவர் சஹன்கள் கலைந்த பிறகு ஆறிய சோற்றின் முன் அமர்வோர் யார் என்பது விளங்கும். சஹனின் சமத்துவம் அடுக்களை வாயிலில் நின்றுவிட்டது என்பதே என் மதிப்பீடு.

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சன்னிதி இருக்கிறது. அரங்கனைத் தேடி வந்த டில்லி சுல்தானின் மகள் என்பது அவர்களின் ஐதிகம். அதன் வரலாற்றுண்மை இங்கு நம் ஆராய்ச்சியன்று. கொள்கையளவில் நமக்கு அதனோடு உறவுமில்லை. ஆனால் சோறுண்ணும் அக்காவிரிக் கரையில், அவளை முன்னிட்டுக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் இன்றளவும் படைக்கப்படுகின்றன. வந்த பெண் எதை விரும்பி உண்பாள் என்று ஒருவர் எண்ணிப் பார்த்திருக்கிறார்! நம் வீட்டில் வைகறையிலிருந்து இடியாப்பம் பிழிபவளிடம் அவ்வினாவை எவரேனும் கேட்டதுண்டா?

சஹனை மீட்க விரும்பும் குடும்பங்கள் அதை ஊர் விருந்தில் தொடங்க வேண்டியதில்லை. நோன்புப் பெருநாள் காலையில், தொழுகைக்குப் புறப்படுமுன் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீத்தம்பழம் உண்பது நபிவழி. அதற்கு அடுப்பு மூட்ட வேண்டாம். பரிமாற ஆளும் வேண்டாம். ஒரு தட்டை நடுவில் வைத்து, மாமியார், மருமகள், வேலைக்கு வரும் பெண் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் சுற்றி அமரலாம். பகல் விருந்தில் யார் முதலில் அமர்வது என்பதை அத்தட்டைச் சுற்றியே பேசி முடிவு செய்யட்டும்.