சாடிலின் அடிப்பக்கம்

ரீகண்டிஷன் செய்த லேத் பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டைத் தடவிப் பார்க்கிறார்கள். நான் பெட்டின் மேல் நகரும் சாடிலைக் கழற்றிக் கவிழ்க்கச் சொல்வேன். விற்பவர் முகம் சுருங்கினால் பேரம் அங்கேயே முடிந்தது.

பழைய எச்எம்டி என்றாலும் பெட் அதிகம் தேய்வது சக்கை ஒட்டிய பகுதியில்தான். அதைக் கிரைண்டிங்கில் ஏற்றி நேராக்கட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. அத்தனை நீள பெட்டைக் கையால் சுரண்டச் சொல்வது கொடுமை. ஆனால் சாடிலின் அடியையும் கிரைண்டிங்கிலேயே முடித்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க" என்பார்கள். கண்ணாடியாக இருப்பதுதான் கோளாறு. எண்ணெய் தங்க இடமில்லை. மெதுவாக நகர்த்தினால் சாடில் ஒட்டி ஒட்டி எகிறும். எமரி போட்டுத் தேய்க்காதீர்கள், சுரண்டுங்கள் என்று ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோவில் வாதாடினார். அவர் எதிர்த்த தேய்ப்பு வேறு, இன்றைய கிரைண்டிங் வேறு. இருந்தாலும் நான் அவர் கட்சி.

கோவை கணபதியில் ஒரு பெரியவர் சுரண்டுவதைப் பார்க்கவே பட்டறைக்குப் போவேன். மேடு எங்கே என்று காட்டும் நீல மை, ப்ளூ. பெட்டில் அதைத் துணியால் பூசமாட்டார், விரலால்தான். ஒரு துணுக்குத் தூசி கிடந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். சாடிலை வைத்து லேசாக முன்னும் பின்னும் நகர்த்தித் தூக்கிக் கவிழ்ப்பார். மேடான இடத்தில் நீலம் ஒட்டியிருக்கும். அதிலும் பாரம் முழுக்கத் தாங்கும் புள்ளியில் நீலம் நசுங்கி விலகி, நடுவில் இரும்பு மினுங்கும். ஸ்கிரேப்பரின் பிடியை இடுப்பில் அண்டக்கொடுத்து, முதலில் அந்த மினுக்கத்தைத்தான் எடுப்பார். ஒரு தள்ளுக்குச் சில மைக்ரான் போகும். அடுத்த சுற்று குறுக்கே. நாலைந்து திட்டாக இருந்த நீலம் உடைந்து உடைந்து, சதுர அங்குலத்துக்கு இருபது புள்ளியாகப் பரவும்வரை விடமாட்டார்.

"மெல்லிசாப் பூசு கண்ணு. கெட்டியாப் பூசினா ப்ளூ பொய் சொல்லும்" என்பார் பையனிடம்.

சாடிலின் அடியில் டர்சைட் என்ற பிளாஸ்டிக் பட்டையை ஒட்டுவதைச் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். தேய்ந்துபோன உயரத்தை அது மீட்டுத் தருகிறதே! அதையும் ப்ளூ பார்த்துச் சுரண்டினால் சரி.

எனக்குப் பொறுக்காதது இப்போது பரவியிருக்கும் பிறை வேலை. கிரைண்டிங் முடித்த பரப்பில் வரிசையாகப் பிறைகளை வெட்டிவிட்டு, 'ஹேண்ட் ஸ்கிரேப்பிங்' என்று விலையை ஏற்றுகிறார்கள். பிறை எண்ணெய்க்கு நல்லதுதான். தாங்கும் புள்ளிகள் எங்கே? ப்ளூ பூசிக் காட்டுங்கள் என்றால், டப்பா தீர்ந்துவிட்டது என்கிறார்கள்.