இலைக்கு ஒரு சட்டம், ஸ்டியரிங்குக்கு ஒரு சட்டம்

நாமக்கல்லில் பாடி கட்டிய லாரி குஜராத்துக்கும் அசாமுக்கும் லோடு ஏற்றிப் போகிறது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி மாதக்கணக்கில் வெளிமாநிலத்திலேயே கிடக்கிறது. இந்தத் தொழிலில் நாள்பட்ட டிரைவரிடம் உடம்பைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது இடுப்பு வலி, அடுத்தது தூக்கம். இரண்டுக்கும் மருந்து என்று செல்போன் விளம்பரத்தில் வந்து நிற்கிறது சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தாலும் போதை தராது, ஆயுர்வேத உரிமம் உண்டு, சட்டப்படி சரி என்கிறது விளம்பரம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை நம்பி ஸ்டியரிங்கில் உட்காரலாமா என்றால், உட்காரக் கூடாது என்பதே என் முடிவு. ஆனால் அதற்குக் காரணம் சிபிடி என்ற வேதிப்பொருள் அல்ல.

அந்தப் பொருளுக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2020இல் நெதர்லாந்தில் 26 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சிபிடி மிகுந்த கஞ்சாவையும், போதை தரும் டிஎச்சி மிகுந்த கஞ்சாவையும் தனித்தனி நாட்களில் ஆவியாக இழுக்கவைத்து, நிஜ நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார்கள். டிஎச்சி எடுத்தபோது வண்டி லேனுக்குள் அலைபாய்ந்தது. நான்கு மணி நேரம் கழித்து ஓட்டியபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. சிபிடி எடுத்தபோதோ, வெற்று மருந்து எடுத்ததற்கும் அதற்கும் வேறுபாடே இல்லை. 2022இல் சிட்னியில் 17 பேருக்கு 1500 மில்லிகிராம் வரை சிபிடியை வாய்வழி கொடுத்து, ஓட்டும் பாவனைக் கருவியில் உட்காரவைத்தார்கள். அங்கும் தடுமாற்றம் இல்லை. ஆட்கள் சொற்பம்தான், எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். மூன்றாம் ராத்திரியும் கண்விழித்து, லோடு லாரியோடு தொப்பூர்க் கணவாயில் இறங்குகிறவர் அந்தக் கணக்கில் இல்லை. இருந்தாலும் சுத்தமான சிபிடியைச் சாராயத்தோடு சேர்த்து வைப்பது நியாயமாகாது.

நம் சந்தைக்கு வரும் புட்டியில் சுத்தமான சிபிடிதான் இருக்கிறதா என்பதுதான் சிக்கல். அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி சரக்குகளைச் சோதித்து 2017இல் முடிவு வெளியிட்டார்கள். லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18இல் டிஎச்சி கலந்திருந்தது. இந்தியாவில் விஜயா என்ற ஆயுர்வேதப் பெயரில் விற்கும் கஞ்சா இலைச்சாறு எண்ணெய்கள் பலவற்றில் டிஎச்சி இருப்பதை விற்பவர்களே மறைப்பதில்லை. அதுவும் சேர்ந்தால்தான் வலி கேட்கும் என்பது அவர்கள் வாதம். வாய்வழி போகும் டிஎச்சி உடனே தலைக்கு ஏறாது. ஓமலூரில் சொட்டு விட்டுக்கொண்டவருக்கு அது கிருஷ்ணகிரி தாண்டிக்கூட ஏறலாம்.

சாப்பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வலிப்பு நோய்க்காக 2018இல் அமெரிக்கா அனுமதித்த எபிடியோலெக்ஸ் சுத்தமான சிபிடி மருந்து. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் ரத்தத்தில் அதன் உச்ச அளவு ஐந்து மடங்காகிறது என்று அதன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. வெறும் வயிற்றில் எடுத்துப் பழகிய அதே அளவை லைன் ஹோட்டலில் புரோட்டாவும் முட்டைக் குழம்பும் சாப்பிட்டு எடுத்தால் அது வேறு அளவு. தூக்க மயக்கம் வரும், மருந்து தனக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாதே என்றும் அந்தக் குறிப்பேடு எச்சரிக்கிறது. குளோபசாம் போன்ற வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் மயக்கம் கூடும்.  

இனி சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்பது பூவும் காயும் கொண்ட நுனிகள். நுனி சேராத இலையும் விதையும் அதில் வராது. விஜயா எண்ணெய் வியாபாரம் நிற்பது இந்த விலக்கின் மேல்தான். ஆனால் அதே பிரிவில் சரஸ் என்பதற்குத் தரும் விளக்கம் பிசின் எந்த வடிவில் இருந்தாலும் பிடிக்கிறது. அங்கே செடி என்றுதான் இருக்கிறது, பூ என்று இல்லை. இலையிலிருந்து செறிவாக்கிய எண்ணெயும் இதில் அடங்கும் என்று ஒரு அரசு வழக்கறிஞர் வாதாட இடமுண்டு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இலையா பூவா என்று பார்ப்பதே இல்லை. மதுவுக்கு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்று எல்லை உண்டு. மற்ற போதைக்கு எண் கிடையாது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவு அதன் பிடியில் இருந்தால் குற்றம். 2019 திருத்தம் இயற்கைப் பொருளையும் இதில் சேர்த்தது. முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். எண் இல்லாதது டிரைவருக்குச் சாதகம்போலத் தோன்றும். நடப்பில் அது அதிகாரியின் கண்ணுக்கு விடப்பட்ட விஷயம். இங்கிலாந்தில் 2015 முதல் ஒரு லிட்டர் ரத்தத்தில் இரண்டு மைக்ரோகிராம் டிஎச்சி என்று கோடு போட்டுவிட்டார்கள். கடுமைதான், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று ஓட்டுபவருக்குத் தெரியும்.

ராத்திரி சோதனையில் ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே பிடிக்கும். எண்ணெய் எடுத்தவர் அதைத் தாண்டிவிடுவார். விபத்து நடந்து ஆஸ்பத்திரியில் சிறுநீர் எடுத்தால்தான் வினை. டிஎச்சியின் மிச்சம், பழக்கமாக எடுப்பவர் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும். அவர் அன்றைக்கு மயக்கத்தில் இருந்தாரா என்பதை அது சொல்லாது. இலையிலிருந்து வந்ததா பூவிலிருந்து வந்ததா என்பதையும் சொல்லாது. கஞ்சா உட்கொண்டதற்கு ஆறு மாதம் வரை சிறை என்கிற, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவைக் காட்டி விசாரிக்கும்போது, மருத்துவர் சீட்டும் பில்லும் கையில் இல்லாதவர் எதைக் காட்டி இலை என்று நிறுவுவார்?

உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் கஞ்சா இலையை அரைத்த பாங்கு விற்கும் உரிமம் பெற்ற கடைகள் பகிரங்கமாக நடக்கின்றன. நம் பக்கம் அப்படிக் கடை இல்லை. அங்கே வாங்கி டாஷ்போர்டில் போட்டதை மாநில எல்லைகள் தாண்டிக் கொண்டுவருகிறவர், ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் வேறொரு மாநிலத்தின் விதிக்குப் பதில் சொல்ல வேண்டியவர். வளைகுடாவுக்கு டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அமீரகத்தில் சிபிடி எண்ணெய் வைத்திருப்பதே வழக்காகும்.

புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது? பாங்கு சேர்ந்த ஆயுர்வேத மருந்தில், மருத்துவ மேற்பார்வையில் எடுத்துக்கொள்ளவும் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. தமிழில் போட விதி கேட்கவில்லை. வண்டி ஓட்டுவது பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல்லும் இல்லை.

வண்டி உரிமையாளர் இதை டிரைவரின் சொந்த விஷயம் என்று விட்டுவிட முடியாது. உரிமையாளருக்குத் தெரிந்து வண்டியை எடுத்தவர் மதுவிலோ போதைப்பொருளிலோ இருந்தபோது வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்குப் பணம் இல்லை என்று வழக்கமான மோட்டார் காப்பீட்டுப் பத்திரத்திலேயே இருக்கிறது. நாமக்கல்லில் வண்டிகள் பெரும்பாலும் ஃபைனான்ஸில்தான் ஓடுகின்றன. வண்டி ஷெட்டில் நின்றாலும் மாதா மாதம் டியூ வந்துகொண்டுதான் இருக்கும்.